கந்தையா என்ற பெயருக்கு வந்த கடிதம்

அண்ணாவுக்குக் கல்வெட்டு அடிக்கவேண்டும் என்று வீட்டில் கதை வந்தபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகுதான் அழுகை வந்தது. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கொடுக்கிற இந்தச் சிறு புத்தகத்தை எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்றுதான் சொல்லுவார்கள். அப்பாவின் கல்வெட்டு அச்சாகி வந்த அன்று அண்ணா அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "கல்லில வெட்டினால்தான் தங்கச்சி கல்வெட்டு. இது கடதாசி, மழை பட்டால் சரி" என்றார். அப்படிச் சொன்னவருக்கு நான் கடதாசியில்தான் எழுதுகிறேன். அவருடைய நல்ல குணங்களை எழுதத்தான் போகிறேன். ஆனால் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் இந்தப் புத்தகம் முழுக்கப் பொய்யாகிவிடும். இனசனம் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

அண்ணா யாழ்ப்பாணத்தில் கந்தையா தம்பதிகளின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பிறகு நான் மட்டும்தான். அரசாங்கக் கட்டடப் பகுதியில் படவரைஞராக வேலை பார்த்தார். கட்டடம் எழும்பமுன் அதைக் கடதாசியில் எழுப்புகிற வேலை அது. படங்களில் எழுதுகிற ஆங்கில எழுத்தை, ஒவ்வொன்றும் ஒரே உயரத்தில் பெட்டி பெட்டியாக எழுதுவார். அந்த எழுத்தை எனக்கும் பழக்கினார். எனக்கு அழகாக வந்த ஒரே காரியம் அதுதான். மற்றதெல்லாம் எடுத்தேன் கவிழ்த்தேன் என்றுதான் செய்வேன். "அவசரக்காரிக்குப் புத்தி மட்டு" என்று அம்மா வாய் ஓயாமல் சொல்லுவா.

அவர் வரைந்த ஒரு பள்ளிக்கூடமும் ஓர் ஆஸ்பத்திரி விறாந்தையும் போரில் செல் குண்டு விழுந்து போயின. அதற்குப் பிறகு அவர் கனடாவுக்கு வந்தார். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயர் நிற்கும், அவ்வளவுதான். இங்கே படிவத்தில் கடைசிப் பெயர் கேட்டார்கள், அவர் அப்பாவின் பெயரைப் போட்டார். அன்றிலிருந்து இந்த நாட்டுக்கு அவர் மிஸ்டர் கந்தையா. பிறகு நானும் வந்து சேர, அப்பாவையும் கூப்பிட்டு எடுத்தோம். அப்பாவின் படிவத்தில் அவருடைய அப்பாவின் பெயர்தான் கடைசிப் பெயர். ஆனாலும் கிளினிக்கில் இருந்து நன்கொடை கேட்கிறவர்கள் வரை எல்லாரும் முன்பின் மாற்றி அவருக்கும் மிஸ்டர் கந்தையா என்றே எழுதினார்கள். ரொறன்ரோவில் மல்வேர்ன் பகுதியில் எங்கள் ஒரே வீட்டில் இரண்டு கந்தையாக்கள் இருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே படவரைஞருக்கு வேலை கிடைக்கவில்லை. கிளீனிங் வேலைதான் கிடைத்தது. மல்வேர்னில் இருந்து இரண்டு பஸ் பிடித்துப் போகிற ஒரு பழைய தபாற்கந்தோரைத் துடைக்கிற வேலை. இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே துடைத்தார்.

அந்தக் கந்தோர் விக்டோரியா மகாராணி உயிரோடிருந்த காலத்தில் கட்டியது. அப்போது அந்த இடம் ரொறன்ரோ இல்லை. ஒரு சந்தி, ஒரு தேவாலயம், ஒரு மா அரைக்கிற ஆலை, சுற்றிவரத் தோட்டங்கள், அவ்வளவுதான். நகரம் பிறகு வந்து அதை விழுங்கியது. கீழே கந்தோர், மேலே தபாலதிபரின் வீடு. சுவர் சிவப்புச் செங்கல். மூலைகளிலும் யன்னல் வளைவுகளிலும் மட்டும் வெளிறிய மஞ்சள் செங்கல், சீலைக்குக் கரை பிடித்தமாதிரி. கூரை கறுப்புக் கற்பலகை, பனி வழுக்கி விழட்டும் என்று செங்குத்தாக வைத்தது. வாசலுக்கு மேலே மணற்கல் ஒன்றில், கட்டடம் எழும்பிய ஆண்டு வெட்டியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் கடிதம் போடுகிற பித்தளை வாய். வாசற்படிக் கல்லில் வலது பக்கம் மட்டும் குழி விழுந்திருந்தது. கதவு ஒரு பக்கமாகத் திறக்கிறபடியால் சனம் நூறு வருஷத்துக்கு மேல் அந்த ஒரே இடத்தில் கால் வைத்திருக்கிறது என்று அண்ணா சொல்லுவார். அந்தக் குழியில் தண்ணீர் தேங்கி உறைந்தால் ஆட்கள் சறுக்குவார்கள் என்று, விடிய முதல் வேலையாக அதைத்தான் துடைப்பார்.

ஒருமுறை சுவர் வெடிப்புகளைச் சீமெந்து பூசி அடைத்தார்கள். அண்ணா மேற்பார்வைக்காரரிடம் போய், பழைய செங்கல் மெதுவானது, அதற்குச் சுண்ணாம்புச் சாந்துதான் சரி, சீமெந்து ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும், குளிருக்கு உறைந்து கல்லின் முகத்தை உரிக்கும் என்று சொன்னார். "நீ தரையைப் பார்" என்று பதில் வந்தது. சில குளிர்காலத்துக்குள் சீமெந்தைச் சுற்றியிருந்த செங்கல் எல்லாம் சொறி பிடித்தமாதிரி உரிந்தது. அந்தத் தூளைக் கூட்டி அள்ளினதும் அண்ணாதான்.

அம்மா போன செய்தியும் அந்தக் கந்தோருக்குத்தான் வந்தது. அறை மாறி மாறி இருந்த காலம் என்றபடியால் அங்கே ஒரு தபால் பெட்டி வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். ஊரில் போர், டெலிபோன் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகுதான் கடிதம் வந்து சேர்ந்தது. தரை பாதி ஈரமாக இருந்தபோது நின்றபடி வாசித்தாராம். பிறகு மற்றப் பாதியையும் துடைத்து முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். "ஈரத்தில ஆரும் விழுந்திட்டால்" என்று என்னிடம் சொன்னார். அழுததை நான் பார்க்கவில்லை.

பிறகு தபால் சேவையை ஒரு பிளாசாவில் பாமசிக்குப் பின்னால் இருக்கிற கவுண்டருக்கு மாற்றினார்கள். கட்டடம் பூட்டிக் கிடந்தது, அண்ணாவின் வேலையும் போனது. அதை இடித்துவிட்டு, கொண்டோ என்கிற அடுக்குமாடி வீடுகள் கட்டப்போவதாக வாசலில் அறிவிப்புப் பலகை ஏறியது. அப்போது அப்பா காலமாகி இரண்டு வருஷம்.

அண்ணா என் சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டார். நாடா எடுத்துப் போய் வெளிச்சுவரை அளந்தார், உள்ளே போகமுடியாததை நினைவில் இருந்து வரைந்தார். துடைத்த தரை என்றபடியால் ஓர் அடி பிசகவில்லை. நான் சோற்றுப் பானையை எங்கே வைக்கிறது என்று கத்துவேன், அவர் படத்தைச் சுருட்டி இடம் தருவார், சாப்பிட்டு முடிய மறுபடி விரிப்பார். ஓர் அறிக்கையும் எழுதினார். என் மகள்தான் அதை டைப் பண்ணிக் கொடுத்தாள். அதில் ஓர் இடம் எனக்கு மனப்பாடம்: "இதைவிட அழகான கட்டடங்கள் நகரின் நடுவில் நிறைய உண்டு. இதை அழகுக்காகக் காக்கும்படி நான் கேட்கவில்லை. அரசாங்கம் ஒரு சந்திக்கு வந்து, நீயும் ஓர் ஊர், உனக்கும் கடிதம் வரும் என்று சொன்னதற்கு இந்தப் பக்கத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே சான்று இது."

பழைய கட்டடங்களைப் பார்க்கிற குழுவின் முன்னால் பேச நேரம் கேட்டு விண்ணப்பமும் போட்டார். "மாமா, ஈமெயில் குடுங்கோ, ஈசியா இருக்கும்" என்றாள் மகள். "தபாற்கந்தோருக்காகப் பேசப் போறவன் நான், பிள்ளை. தபாலில வரட்டும்" என்றார். பிறகு ஒவ்வொரு நாளும் தபால்காரர் வந்துவிட்டாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி நான் செய்ததைச் சொல்லுகிறேன். எங்கள் தொடர்வீடுகளுக்கு மூலையில் ஒரு பொதுத் தபால் பெட்டி இருக்கிறது, அதில் வீட்டுக்கு ஒரு பூட்டுத் தட்டு, கடிதம் அனுப்ப ஒரு வாய். ஒரு சனிக்கிழமை காலை, கடைக்குப் போகிற அவசரத்தில் எங்கள் தட்டைத் திறந்தேன். உள்ளே மிஸ்டர் கந்தையா என்று ஒரு கடிதம். முதற்பெயர் இல்லை, முதலெழுத்தும் இல்லை. செத்த மனிசனுக்கு இரண்டு வருஷமாகக் கடிதம் எழுதுகிறார்களே என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அப்பாவுக்கு வருகிற கடிதங்களை எல்லாம் அப்படித்தான் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். பேனையை எடுத்து, பெட்டியின் மேலேயே வைத்து, டிசீஸ்ட், ரிட்டேர்ன் ரு செண்டர் என்று எழுதினேன். அதாவது ஆள் இறந்துவிட்டார், அனுப்பியவருக்கே திருப்பவும். அண்ணா பழக்கிய அதே பெட்டி எழுத்தில். யார் அனுப்பியது என்றும் பார்க்கவில்லை. போட்டுவிட்டுக் கத்தரிக்காய் வாங்கப் போனேன்.

அண்ணா காத்திருந்தார். ஒருநாள் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனபோது கட்டடத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்ததைக் கண்டு, நேரே நகரசபைக் கந்தோருக்குப் போனார். பின்னேரம் வந்து மேசையில் இருந்தார். நான் புட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, நான் செத்துப்போனனாம்" என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். "வாட், மாமா? சீரியஸா?"

"ஓம் பிள்ளை. அந்தக் கந்தோர்ப் பொம்பிளை கொம்பியூட்டரைப் பார்த்துச் சொன்னவ. கூட்டத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டினமாம், ஆள் இறந்திட்டார் எண்டு திரும்பி வந்திட்டுதாம். அதால பெயரை வெட்டிப்போட்டினம். கூட்டமும் முடிஞ்சுதாம். ஆரும் பேச வரேல்லையாம்."

 எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அப்போது சொல்லியிருக்கவேண்டும். நான் சொன்னது இது: "ஆரோ பிழையாப் போட்டிருப்பினம் அண்ணை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஓம். பிழையாத்தான் போட்டிருப்பினம்" என்றார். புட்டைச் சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் கேட்டும் வாங்கினார்.

பனி விழத் தொடங்கியபோது இடித்தார்கள். அண்ணா ஒவ்வொரு நாளும் போய் எதிர்ப்பக்கத்துப் பஸ் தரிப்பில் நின்று பார்த்தார். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூரை ஒரு நாளில் போனது, சுவர் மூன்று நாளில் போனது. ஆண்டு வெட்டிய கல்லையாவது எடுத்து வைக்கும்படி வேலையாட்களிடம் கேட்டாராம். அது லொறியில் மற்றக் கல்லோடு கல்லாகப் போனது. எங்கே கொட்டினார்கள் என்று தெரியாது. அவர் பேசியிருந்தால் கட்டடம் தப்பியிருக்குமா? தெரியாது. தப்பியிருக்காது என்று இவர், என் கணவர், எனக்கு ஆறுதல் சொல்லுகிறார். இருக்கலாம். ஆனால் பேசுகிற வாயை அடைத்தது நான்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் என் வீட்டில், என் மேசையில் சாப்பிட்டார். பேச்சுக் குறைந்தது, நடை குறைந்தது. மேசையில் படம் விரிக்கவில்லை. போன மாதம் ஒரு காலை, தேத்தண்ணி கொண்டுபோனபோது கட்டிலில் ஆறிக் கிடந்தார். இருதயம் என்று டொக்டர் சொன்னார். சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் என்று நான் தள்ளிவைத்த நாட்கள் அன்றோடு முடிந்தன.

சாம்பல் அள்ளுகிற காடாத்து முடிந்து, படங்கள் வைக்கிற குழாயை மகளும் நானும் திறந்தோம், இந்தப் புத்தகத்தில் ஒன்றை அச்சிடலாம் என்று. முகப்புப் படத்துக்குள்ளே சுருட்டினபடி ஒரு கடித உறை இருந்தது. மிஸ்டர் கந்தையா. அதன் குறுக்கே என் எழுத்து. திரும்பிப் போன கடிதத்தை அந்தக் கந்தோர்ப் பெண் அன்றைக்கே அவரிடம் கொடுத்திருக்கிறா. புட்டுச் சாப்பிட்டபோது அது அவருடைய பையில் இருந்திருக்கிறது. அந்த எழுத்தை உலகத்தில் இரண்டு பேர்தான் அப்படி எழுதுவோம். பிழையாத்தான் போட்டிருப்பினம் என்று அவர் சொன்னது என்னைப் பார்த்துத்தான்.

உறையை அவர் உடைக்கவில்லை. நான் உடைத்தேன். கூட்டத்தின் நாளும் அறையும் இருந்தன. பேசுவதற்கு ஐந்து நிமிடம் தந்திருந்தார்கள்.

அண்ணை, அது நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

செய்தி கேட்டு ஓடிவந்தவர்களுக்கும், முதல் நாளில் இருந்து அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த அயலவருக்கும், பனிக்குள் நின்று தோள் கொடுத்தவர்களுக்கும், கிரியைகளை முறையாகச் செய்த ஐயாவுக்கும், பிக்கரிங்கில் இருந்து தினமும் வந்து காரோடிய மைத்துனருக்கும், படத்தைத் துப்புரவாக்கி அட்டையில் போட்ட என் மகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அட்டையை ஒருமுறை நின்று பாருங்கள். வாசற்படியின் வலது பக்கக் குழியைக்கூட அவர் வரைந்திருக்கிறார்.

கந்தையா என்ற பெயருக்கு இப்போதும் கடிதம் வருகிறது. இந்த வாரம் மூன்று வந்தன. என்ன எழுதித் திருப்பவேண்டும் என்று எனக்குத் தெரியும், இப்போது அது பொய்யும் இல்லை. மூன்றும் சமையலறை மேசையில், அவர் படம் விரித்த இடத்தில் கிடக்கின்றன. அந்தச் சொல்லை அவருக்கு நான் ஒருமுறை எழுதிவிட்டேன். இனி எழுதமாட்டேன்.

தங்கச்சி