நான்காம் எண் கிணற்றுத் தண்ணீர்

எண்பதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகளின் நடுவரை, தண்ணீர் பிடிப்பதுதான் என் உத்தியோகம். தாம்பரத்தில் வீடு, ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. மேடவாக்கத்தைத் தாண்டி, சதுப்பு நிலத்தின் ஓரமாக, ஊர்க் குப்பையைக் கொட்டும் மேடு ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கசியும் சாறு நிலத்தடி நீரில் கலக்கிறதா என்று பார்க்க, சுற்றியிருந்த ஆறு கிணறுகளுக்கு எண் போட்டிருந்தார்கள். மாதம் ஒரு முறை மொபெட்டில் போய், ஆறிலும் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவேன். எந்தக் கிணறு கெட்டுவிட்டது என்று எங்கள் கூடம் சொல்கிறதோ, அந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி போகும்.

பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதல் சில வாளிகளை இறைத்துக் கொட்டிவிட வேண்டும். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலச வேண்டும். கழுத்துவரை நிரப்பி மூடி, எண்ணும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும். இத்தனையையும் பிடிப்பவனே தன் கையால் செய்ய வேண்டும். நானோ வேதியியல் பட்டதாரி. சட்டையை இன் பண்ணிக்கொண்டு, வாட்ச் கட்டிக்கொண்டு போகிறவன். வாளி இழுப்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

நான்காம் எண் கிணறுதான் என் சுற்றில் கடைசி. போய்ச் சேரும்போது உச்சி வெயிலாகிவிடும். அந்த வீட்டுக்காரப் பெண்மணி காலையில் தெருத்தெருவாக மீன் விற்றுவிட்டு அந்த நேரத்துக்குத்தான் திரும்பியிருப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; அக்கா என்பேன். முதல் மாதமே, "நீங்க நெழல்ல குந்துங்க சார், நா மொண்டாந்து குடுக்குறேன்" என்று பாட்டில்களை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். நானும் முன்வாசல் பூவரச மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அதுவே பழக்கமாயிற்று. ஐந்து நிமிடத்தில் பாட்டில்கள் நிரம்பி, ஈரம் துடைத்து வரும். "நேரில் எடுத்தது" என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்துப் போடுவேன்.

முடிவுகள் வந்தன. மற்ற ஐந்தும் ஒவ்வொன்றாகக் கெட்டுக்கொண்டு வந்தன. நான்காம் எண் மட்டும் பளிங்கு. இத்தனைக்கும் அது மேட்டுக்கு மிக அருகில் இருந்த கிணறு. மேலதிகாரி கூப்பிட்டு, எப்படி என்று கேட்டார். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்துக்கு அடியில் கெட்டியான களிமண் படுகை இருக்க வேண்டும், அதுதான் கசிவைத் தடுக்கிறது என்று அடித்துவிட்டேன். எந்தப் படுகையையும் நான் கண்டதில்லை. அங்கே ஒரு கடப்பாரைகூட இறங்கியதில்லை. அவருக்கு அது பிடித்துப்போயிற்று. அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். நடை நன்றாக இருக்கிறது என்றார்.

அந்த அரைப் பக்கத்தால் அந்தத் தெரு லாரிப் பட்டியலில் சேராமல் போனது. பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் லாரி வந்தது. ஒரு நாள் அக்கா பாட்டில்களை நீட்டிக்கொண்டே கேட்டார்: "அல்லா தெருவுக்கும் லாரி வந்துகினு கீது. எங்களுக்கு மட்டும் இன்னா சார் ஓரவஞ்சன?"

"உங்க கிணறு நல்லா இருக்குன்னு ஆபீஸ்ல எழுதியாச்சுக்கா. லாரி எதுக்கு?"

"நாறுது சார்."

"சதுப்பு நிலத்துப் பக்கம் இருந்தா வாசனை வரத்தான் செய்யும். வாசனை வேற, கெடுதல் வேற."

அக்கா உள்ளே போய்விட்டார். படித்தவன் சொல்கிறான் என்று விட்டிருப்பார். பத்துப் பதினைந்து அடி நடந்திருந்தால் நான் கிணற்றை எட்டிப் பார்த்திருப்பேன். நடக்கவில்லை. "வாசனை வேற, கெடுதல் வேற" என்று எத்தனை அலட்சியமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. வெட்கம் என்றால் அதுதான்.

ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு மாதம் நான் போனபோது வீட்டில் ஆள் இல்லை. காத்திருக்கப் பொறுமையில்லாமல் நானே பின்பக்கம் போனேன். ராட்டினத்துக் கயிறு பல நாள் நனையாமல் காய்ந்து முறுக்கேறிக் கிடந்தது. வாளியை இறக்கி இழுத்தேன். டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர், மேலே நுரை. முகர்ந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. வாளியைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தேன்.

சற்று நேரத்தில் அக்கா இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு வந்தார். குடம் உட்காரும் இடத்தில் புடவை நைந்திருந்தது. அதையும் அன்றுதான் பார்த்தேன்.

"ரொம்ப நேரம் ஆச்சா சார்? அடிபம்புல ஒரே கூட்டம்."

"எந்த அடிபம்பு?"

"மேடவாக்கத்தாண்ட. காலைல ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை."

"அப்ப என் பாட்டில்ல ஊத்திக் குடுத்தது?"

"இந்தக் கொடத்துத் தண்ணிதான் சார். ஆபீஸ்ல பெரியவங்க குடிச்சிப் பாப்பாங்கனு நெனச்சேன். வூட்டுக்கு வந்த மனுசன் கைல அந்த நாத்தத்த எப்டி சார் குடுத்தனுப்பறது?"

லாரி வருவதும் வராததும் இந்தப் பாட்டில்களால்தான் என்று நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. இனிமேல் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, பாட்டில்களை என் கையால் நிரப்பிக்கொண்டு கிளம்பினேன்.

ஆறில் மோசமானது அதுதான் என்று முடிவு வந்தது. ஒரு வருஷத்து முடிவுகள் எல்லாம் அடிபம்புத் தண்ணீருடையவை என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். வழி நெடுக அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவர் அறைக்குள் நுழைந்ததும் என் வாயிலிருந்து வந்தது வேறு: "களிமண் படுகையில விரிசல் விட்டிருக்கலாம் சார்." அவர் தலையசைத்தார். "புதிதாகத் தென்படும் மாசு" என்று குறித்துக்கொண்டார். மாற்றத்தை உடனே கண்டுபிடித்ததற்காக என் முதுகில் தட்டினார். நான் கோழை என்பது அந்தத் தட்டலில்தான் எனக்கு உறுதியாயிற்று.

அடுத்த முறை நான் போனபோது லாரி வரத் தொடங்கியிருந்தது. கிணற்றடியில் வாளியை இழுத்துக்கொண்டிருந்தேன். அக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"லாரிக்காரரு சொன்னாரு சார். நீங்க பாட்டில்ல எடுத்துகினு போற தண்ணிய சோதிச்சிதான் எங்க கெணறு நல்லாக் கீதுன்னு எழுதி வெச்சிருந்தாங்களாம். அதான் இத்தினி நாளா வரலயாம். நா குடுத்த தண்ணியாலதான சார்?"

நான் வாளித் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி அலசினேன்.

"கைக்கொழந்த வெச்சிகினு இருந்தவங்கல்லாம் கொடம் தூக்குனாங்க. தெரிஞ்சா தெருவுல என்ன சும்மா வுட மாட்டாங்க. யாராண்டயும் சொல்லாதீங்க சார். உங்களுக்கும் என்னால பேஜாரு. மன்னிச்சிக்கோங்க."

தப்பு என்னுடையது என்று சொல்ல ஒரு நொடி போதும். அவருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

"பரவால்லக்கா," என்றேன். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் கண் கலங்கி இரண்டு கையையும் கூப்பினார். பெருந்தன்மையாக மன்னித்தவன்போலத் தலையை ஆட்டிவிட்டு, நான் மொபெட்டைக் கிளப்பினேன்.