குவாங்சோ சேறும் ஒரு சாட்சியும்

இன்று காலை ஆக்லாந்து விமான நிலையம். சீனாவில் குவாங்சோ நகரை ஒன்பது நாள் நடந்தே சுற்றிவிட்டு வந்து இறங்கினேன். முதுகில் ஒரே ஒரு பை.

சோதனை அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். பையைக் கிளறினார்.

"கருவாடு?"

"இல்லைங்க."

"மிளகாய்த்தூள்?"

"இல்லைங்க. சும்மா நடந்து ஊர் பார்க்கப் போனேன்."

"தமிழாக்கள் ஒருத்தரும் ஒண்டுமில்லாமல் வாறேல்லை. எனக்குச் சந்தேகமாக் கிடக்கு."

ஷூவைக் கழற்றச் சொன்னார். அடியில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்த பிறகுதான், "ஓம், நடந்துதான் இருக்கிறீங்கள்" என்றார். வெளிநாட்டு மண் உள்ளே வரக்கூடாதென்று அவரே தேய்த்துக் கழுவியும் கொடுத்தார்.

பிளாக்ஹவுஸ் பே பகுதியில் உள்ள வீட்டுக்கு வந்ததும் மனைவி ஷூவையே பார்த்தாள்.

"ஒன்பது நாள் நடந்தேன்னீங்க. இது பளபளன்னு இருக்கு. உண்மையைச் சொல்லுங்க, எங்க போயிருந்தீங்க?"

அந்த அதிகாரியை உங்களில் யாருக்காவது தெரியுமா? சாட்சி சொல்ல அவசரமாக ஆள் வேண்டும்.