மூட்டைக்குக் காவல் இருந்த காணும் பொங்கல்

"குடும்பத்தோட மெட்ராஸ் சுத்திப் பாத்துட்டு வந்தோம்" என்று யாராவது பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சுற்றியது யார், பார்த்தது யார், மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்டுவிடுவேன். இப்படிக் கேட்டே இரண்டு பேர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்தட்டும், எனக்கென்ன போச்சு? அவர்கள் வீட்டிலும் ஒருத்தி மூட்டையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

எங்கள் வீடு திருத்தணி மலைக்குக் கீழே, நெசவுக்காரர்கள் தெருவில் இருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் தறிக் குழியில் இறங்கி உட்காருவார். மற்றதெல்லாம் அம்மா. ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றுவாள், பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சுவாள், சமைப்பாள், என்னையும் இரண்டு தம்பிகளையும் மேய்ப்பாள். யாராவது விசாரித்தால், "எங்க வூட்ல நெய்யறது அவரு மட்டுந்தாங்க" என்பாள். அவள் சுற்றிக் கொடுத்த தார் இல்லாவிட்டால் அவர் என்னத்தை நெய்வார், காற்றையா? அந்த வயதில் எனக்கு இது தோன்றவில்லை. இப்போது தோன்றி என்ன பிரயோசனம்?

ஆடிக் கிருத்திகை வந்தால் எங்கள் ஊருக்கு உலகமே வரும். காவடி எடுத்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் எங்கள் வீடுதான் சத்திரம். அவர்கள் மலை ஏறுவார்கள், குளத்தில் முழுகுவார்கள், பொரியும் வளையலும் வாங்குவார்கள். அம்மா அடுப்படியில் இருப்பாள். ஒரு வருஷம் மெட்ராஸிலிருந்து வந்த அத்தை முறைக்காரி ஒருத்தி, மோர் குடித்துக்கொண்டே, "இன்னாமே, ரயில் ஏறினா ரெண்டு மூணு மணி நேரம். இன்னும் கடலப் பாக்கலயா நீ?" என்று கேட்டாள். அம்மா சிரித்தாள். "பசங்க பாத்துட்டாங்க இல்லங்க, அது போதும்" என்றாள்.

நாங்கள் பார்த்திருந்தோம் என்பது நிஜம். பொங்கலுக்கு மூன்று நாள் தறி ஓயும். காணும் பொங்கலன்று நைனா என்னையும் பெரிய தம்பியையும் மெட்ராஸுக்குக் கூட்டிப்போவார். இரண்டு வருஷம் அப்படிப் போனோம். சின்னவன் இடுப்பை விட்டு இறங்காத வயது என்பதால் அம்மா வரவில்லை. எனக்குப் பதினொரு வயதானபோது சின்னவனுக்கு நாலு. இனிச் சாக்குச் சொல்ல முடியாது. பொங்கலுக்கு முந்தின நாள், தார் சுற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் அம்மா கேட்டாள்.

"ஏங்க, இந்த வருசம் நானும் வரேங்க. கடல்ல ஒரு தரம் கால நனைச்சிட்டு வந்துடறேன்."

"ஆங், அதுக்கின்னா. வா" என்றார் நைனா.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். புடவை கேட்டதில்லை. சங்கிலி கேட்டதில்லை. உப்புத் தண்ணீர் கேட்டாள், அதுவும் கணுக்கால் அளவுக்கு.

விடியற்காலைப் பாசஞ்சரில் கிளம்பினோம். பெரிய தூக்கில் புளிச்சோறு, இன்னொரு தூக்கில் தயிர்சோறு, வடை, இலைக்கட்டு, தண்ணீர்க் கூஜா, விரிக்கப் பழைய போர்வை, தம்பிகளுக்கு மாற்றுத் துணி. எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய மூட்டை, இரண்டு பை. மணவூர் தாண்டுகிற வரைக்கும் அம்மா சின்னவனை ஜன்னலோரம் நிறுத்தி வைத்துக்கொண்டு தானும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். முகம் அவ்வளவு மலர்ச்சியாக இருந்தது.

சென்ட்ரலில் இறங்கினால் மூர் மார்க்கெட்டுக்குப் பின்னாலேயே உயிர் காலேஜ். மிருகக் காட்சிசாலையை அப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வாசலில் திருவிழாக் கூட்டம். நைனா மூட்டையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"இத்தினியும் தூக்கிகினு உள்ள எங்க சுத்தறது? நீ இந்த மரத்தடில ஒக்காரு. பொம்பளைக்குப் புலியப் பாத்து இன்னா ஆவப்போவுது?"

அவள் உட்கார்ந்தாள். நாங்கள் புலி, கரடி, நீர்யானை எல்லாம் பார்த்துவிட்டு வந்தோம். அடுத்தது செத்த காலேஜ், அதாவது மியூசியம். எழும்பூர் வரைக்கும் நடை. மூட்டை அம்மா தலையில், ஒரு பை அவள் இடுப்பில். அங்கேயும் படிக்கட்டோடு அவளை நிறுத்திவிட்டார். "உள்ள இருக்கறது எல்லாம் எலும்புக்கூடு. நீ பயந்துக்குவ." தறிக்குழியில் பாம்பு புகுந்தபோது கட்டையால் அடித்துப் போட்டவள் அம்மாதான். நைனா அன்றைக்குத் தெருக்கோடியில் நின்றுகொண்டு, "போயிடுச்சா, போயிடுச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவள் எலும்புக்கூட்டைப் பார்த்துப் பயப்படுவாளாம்! ஆனால் அவள் மூட்டையை இறக்கிவைத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். கடல் இருக்கிறதே, அது போதும் என்று இருந்திருப்பாள்.

பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போனபோது மத்தியானம். மெரினா மணல் எவ்வளவு அகலம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ரோட்டிலிருந்து தண்ணீருக்குப் போவதற்குள் கால் ஓய்ந்துவிடும். அன்றைக்குக் கூட்டம் வேறு, எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம். பாதி மணலில், கரையில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு படகுக்குப் பக்கத்தில் நைனா போர்வையை விரித்தார். அங்கிருந்து பார்த்தால் தலைகள்தான் தெரிந்தன. அலைச்சத்தம் மட்டும் கேட்டது. காற்று மணலை வாரிச் சோற்றில் அடித்ததால் அம்மா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தூக்குகளை முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

"மொதல்ல நான் பசங்கள அழைச்சிகினு போய்ட்டு வந்துடறேன். அப்புறம் நீ போ" என்றார் நைனா.

நாங்கள் போய் இடுப்பளவு நனைந்து கும்மாளம் போட்டுவிட்டு வந்தோம். அம்மா துடைத்தாள், துணி மாற்றினாள், சோறு போட்டாள். எல்லாம் முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து நின்று, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தாள்.

"நான் போய்ட்டு வரட்டுங்களா?"

"இரு இரு. ஒரு கண்ணு அசந்துட்டு எழுந்துக்கறேன், அப்புறம் போவலாம். இதுங்க எங்கனா ஓடிப்புடும்."

அவர் தூங்க வேண்டும். பிள்ளைகளும் தொலையக் கூடாது. அதற்கு என் நைனாவின் நெசவு மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இது தோன்றியிருக்காது. பையிலிருந்து ஒரு கண்டு நூலை எடுத்தார். வரும்போதே எடுத்து வைத்திருக்கிறார்! மூன்று மூன்று இழையாகச் சேர்த்து முறுக்கி, என் மணிக்கட்டில் ஒன்று, தம்பிகள் அரைஞாணில் ஒவ்வொன்று கட்டி, மூன்று நுனியையும் அம்மாவின் இடது கையில் சுற்றினார். "நூலு தொய்ஞ்சா இழுத்துப் பாரு. உன் கைக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படுத்தார். இரண்டு நிமிஷத்தில் குறட்டை. போகிற வருகிறவர்கள் நூலில் கால் தடுக்கி, "யோவ், இன்னாய்யா இது, மாடா மேய்க்கற?" என்று திட்டிக்கொண்டு போனார்கள். திட்டு விழுந்ததெல்லாம் அம்மாவுக்கு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள், இங்கே இரண்டும் நைனாவேதான்.

தம்பிகள் படகு நிழலில் மணல் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா மெதுவாக என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, ஒரு அஞ்சு நிமிசம் நீ இங்க ஒக்காரேன். இதக் கைல புடிச்சிக்க. நான் ஓடிப் போயி கால நனைச்சிட்டு ஓடியாந்துடறேன். அவரு எழுந்துக்கறதுக்குள்ள."

கெஞ்சினாள். பெற்ற பெண்ணிடம் கெஞ்சினாள். அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்?

"போம்மா, நான் ராட்டினம் ஏறணும்" என்றேன்.

பொங்கல் காசு கையில் இருந்தது. ராட்டினம் கொஞ்ச தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. படகுக்குப் பின்னால் ஒருவன் பலூன் சுடுகிற கடை போட்டிருந்தான். நான் விளையாடுவதுபோல அந்தப் பக்கம் போய், மணிக்கட்டு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, அந்தக் கடையின் மூங்கில் காலில் கட்டினேன். நெசவுக்காரி மகள் இல்லையா, எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். தொய்யாமல் கட்டிவிட்டு ஓடினேன். அம்மா நடுநடுவே இழுத்துப் பார்த்திருப்பாள். பிள்ளை இருக்கிறாள் என்று அவள் கை சொல்லியிருக்கும். அவளும் நம்பி உட்கார்ந்திருப்பாள்.

நாலு தடவை ராட்டினம் சுற்றினேன். கிறுகிறுத்து இறங்கியபோது நைனாவின் சத்தம் கேட்டது. அவர் எழுந்து, ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று நூலைப் பிடித்துக்கொண்டே வந்து, நூல் நுனியில் மூங்கிலைப் பார்த்திருக்கிறார். நான் ஓடி வந்து நின்றேன். அம்மா இரண்டு தம்பிகளையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, வெளுத்துப்போன முகத்தோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் "அடிப்பாவி, வந்துட்டியா" என்று மூச்சு விட்டாள்.

"யாரைக் கேட்டுப் போன?" நைனா கையை ஓங்கினார்.

"அம்மாதான் போவச் சொல்லிச்சு" என்றேன்.

பொய். பச்சைப் பொய். அடிக்குப் பயந்து சொன்னேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் எனக்கு அந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஓங்கிய கை என் மேல் இறங்கியிருக்கும்.

"மூணு நூலு புடிக்கத் துப்பில்ல, இவளுக்குக் கடலு வேணுமாம் கடலு! தூக்கு மூட்டைய!" என்று கடற்கரையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். அம்மா குனிந்து போர்வையை உதறி மடித்தாள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். பின்னால் அலை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தலையில் சுமை இருந்தால் எப்படித் திரும்புவது?

அதற்கப்புறம் எந்தப் பொங்கலுக்கும் அவள் வரவில்லை. "வரியா?" என்று நைனா கேட்கவுமில்லை. நானும் கேட்கவில்லை. அவரைச் சொல்லி என்ன, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்குத் தெரிந்திருந்தது.

என்னை மெட்ராஸில்தான் கட்டிக்கொடுத்தார்கள். அம்மா என் வீட்டுக்கு ஒரே ஒரு தடவை வந்து தங்கினாள், என் பெண் குழந்தைக்குப் பத்து மாதம் ஆனபோது. அந்த வாரமே, "கெளம்பு, உன்ன கடலுக்குக் கூட்டிம்போறேன்" என்று சொல்லிக் கூட்டிப்போனேன். எனக்குள்ளே ஒரே பெருமை. கடனை அடைக்கப்போகிறவளைப்போல நிமிர்ந்து நடந்தேன். மூட்டை இல்லை, தூக்கு இல்லை, நைனா இல்லை. சாதாரண நாள், கூட்டமும் இல்லை. தண்ணீர் தெரிகிற இடத்திலேயே உட்கார்ந்தோம். குழந்தை பஸ்ஸில் வரும்போதே அம்மா மடியில் தூங்கிவிட்டிருந்தது.

"நீ இரும்மா, தண்ணி எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு வரேன். அப்புறம் நீ போவலாம்" என்று சொல்லிச் செருப்பை அவள் பக்கத்தில் கழற்றிப் போட்டேன்.

போனேன். அலை வந்து காலைப் பிடித்தது. பிள்ளை பெற்ற பிறகு இடுப்பில் பாரம் இல்லாமல் நான் நின்றது அன்றைக்குத்தான். இன்னும் ஒரு அலை, இன்னும் ஒரு அலை என்று நின்றேன். எங்கள் தெருக்காரி ஒருத்தி எதிரே வந்தாள். அவளோடு முழங்கால் தண்ணீரில் நின்று மாமியார் கதை பேசினேன். பேசி முடித்துத் திரும்பியபோது வெயில் போய்விட்டிருந்தது.

அம்மா முந்தானையால் குழந்தையைப் போர்த்தி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "காத்து சில்லுனு ஆயிடுச்சி. கொழந்தைக்கு ஆவாது. கெளம்புடி" என்றாள்.

எனக்கு வந்த கோபம்! என் மேல் வரவேண்டிய கோபம் முழுக்க அவள் மேல் பாய்ந்தது. "ஏம்மா, வாய்ல இன்னா கொழுக்கட்டையா? நான் அங்கதானே நின்னுகினு இருந்தேன்? 'வாடி, புள்ளையப் புடி, நான் போறேன்'னு ஒரு வார்த்த கேட்டா இன்னா?" என்று நடுக்கடற்கரையில் கத்தினேன். என் குரல் எனக்கே நைனா குரலாகக் கேட்டது.

அம்மா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அன்னிக்குக் கேட்டேன் இல்லடி" என்றாள்.

பிறகு என் செருப்பை எடுத்து, மணலைத் தட்டி, என் ஈரக் காலுக்கு முன்னால் வைத்தாள்.