டோரிஸ் கட்டிய ஈரத்துண்டு

2013இல் ஹைதராபாத் அமீர்பேட்டையில் நான் சென்சார் நிரலாக்கம் கற்ற ஞாயிறு வகுப்பில் சூசைராஜ்தான் மூத்த மாணவர். ஐம்பத்துமூன்று வயது. போவன்பள்ளியில் ஒரு குளிர்கிடங்கின் மேற்பார்வையாளர். புது வேலை தேடி அவர் படிக்க வரவில்லை. ஜனவரியில் அவர் மனைவி டோரிஸ் நெஞ்சுவலியால் சமையலறையில் விழுந்து, அவர் வீடு திரும்பும்வரை மூன்று மணி நேரம் தரையிலேயே கிடந்தார். இன்னொரு முறை அப்படி நடக்கக் கூடாது. அதற்காகத்தான் வந்தார்.

ஏப்ரலில் திருமுல்கேரி வீட்டில், உடம்புச் சூட்டை வைத்து ஆள் அசைவதை அறியும் கருவி ஒன்றைத் தாமே செய்து மாட்டினார். அறையில் நடமாட்டம் இருந்தால் மணிக்கொருமுறை அவர் செல்பேசிக்கு 'ஓகே' என்று செய்தி வரும். இல்லாவிட்டால் எச்சரிக்கை.

மே வெயிலில் சுவரும் மனித உடம்பும் ஒரே சூடாகிவிட, கருவிக்கு டோரிஸைத் தெரியாமல் போனது. தினமும் எச்சரிக்கை வந்தது. தினமும் சூசைராஜ் ஸ்கூட்டரில் ஓடினார். ஒரு ஞாயிறு மாலை, அதைச் சரிபார்க்க நானும் அவர் வீட்டுக்குப் போனேன்.

"நேத்தும் மூச்சிரைக்க ஓடியாந்தார்மா. செத்துட்டேனான்னு பாக்க வந்தீங்களான்னு கேட்டேன். பேயறைஞ்ச மாதிரி நின்னார்" என்று சிரித்தார் டோரிஸ்.

"நக்கோ டோரிஸ், கிண்டல் வேணாம். மெமோ குடுத்துட்டாங்க. இன்னொரு தடவை ஓடியாந்தா வேலையே போயிடும்."

அவர் ஸ்க்ரூடிரைவர் எடுக்க உள்ளே போனதும் டோரிஸ் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு என்னதான்மா தெரியும்?"

"சூட்டுல குளிர்ச்சியா எது அசைஞ்சாலும் தெரியும் ஆன்ட்டி."

"ஹவ், சரி சரி, அவ்வளவுதானா" என்றார்.

மறுநாளிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. நிரலில் தாம் மாற்றிய ஒரு வரிதான் காரணம் என்று நம்பி, சூசைராஜ் வகுப்பு முழுவதற்கும் சமோசா வாங்கித் தந்தார்.

மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. அன்று கரண்ட்கூடப் போகவில்லை. மணி தவறாமல் 'ஓகே' வந்தது. ஏழு மணிக்கு வீடு திரும்பியவர், கட்டிலருகே டோரிஸ் விறைத்துக் கிடப்பதைக் கண்டார். காலையிலேயே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். மின்விசிறிக்கு எதிரே கொடியில் ஒரு துண்டு; ஒரு முனை வாளித் தண்ணீரில், மறுமுனை காற்றில். நாள் முழுவதும் காயாமல் ஆடியிருக்கிறது. சூசைராஜ் அங்கே நின்றபோதே சட்டைப்பையில் செல்பேசி ஒலித்தது. ஓகே.

முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன்.

"நான் ஓடியாறது அவளுக்குப் பொறுக்கல. அதான் கட்டியிருக்கா. ஆனா பத்தாவதுகூடப் படிக்கலியேம்மா, இந்த யோசனை எங்கேர்ந்து வந்திருக்கும்?" என்று கேட்டார்.

கையிலிருந்த டீ ஏடு கட்டிப்போயிருந்தது. தெரியவில்லை அங்கிள் என்றேன்.