டொக்டர் ஐயாவின் தையல்

தொண்ணூறுகளின் தொடக்கம், ஒரு மார்கழிக் காலை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரைக் கிராமமொன்றின் பள்ளிக்கூட மைதானத்தில் சட்டையில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். அழகைக் காட்டுவதற்காக அல்ல; அதற்கான வசதி என் உடம்பில் அன்றும் இல்லை. இராணுவச் சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லோரும் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு நிற்க வேண்டும். உடம்பில் தழும்பு இருந்தால் தனி வரிசை. தழும்பு என்றால் சண்டையில் பட்ட காயம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

என் வயிற்றின் வலப்பக்கம் ஒரு தழும்பு. கண்டியில் படிக்கும்போது இரண்டாம் காட்சிப் படம் பார்த்துவிட்டு, விடுதி மதிலேறிக் கம்பியில் மாட்டிக்கொண்டதன் நினைவுச்சின்னம். அதை அப்படியே அதிகாரியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல பொய் ஒன்றைத் தயார் செய்து வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

வாவியில் பனிமூட்டம். எதிர்க்கரை தெரியவில்லை. ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் இருந்தான். இரண்டு ஓட்டைகள், அவற்றுக்குள் கண்கள். எங்கள் தழும்பு வரிசையில் முதலில் நின்றவரை அவன் முன்னே கொண்டுபோய் நிறுத்தினார்கள். 'இவன்தான்' என்பதுபோல் சாக்கு மெல்ல ஆடியது. அவரை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகுதான் பனிக்குள்ளிருந்து துடுப்புச் சத்தம் கேட்டது. பின்னால் ஒரு தோணி, அதில் ஒரு வெள்ளை உருவம். ஊர்ப் பெண்கள் இருவர் எப்படியோ அக்கரைக்குப் போய் டொக்டர் ஐயாவைக் கூட்டி வந்திருந்தார்கள்.

வயிற்றை வெட்டினால் அடுத்தது மயானம்தான் என்று சனம் நம்பியிருந்த காலத்தில், வெட்டி, தைத்து, ஆளை நடந்தே வீட்டுக்கு அனுப்பிய முதல் மனிதர் அவர். அப்போது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். பார்வை போய்விட்டது. ஆனாலும் தன் தையலை அவர் விரல் மறக்காது என்பார்கள்.

"இஞ்ச நிக்கிற ஆக்கள்ள முக்கால்வாசி எண்ட தையல்தான். தொட்டுச் சொல்லுறன்," என்றார் அதிகாரியிடம்.

அதிகாரி கெட்டிக்காரர். சத்தமில்லாமல் தன் சிப்பாய் ஒருவனைச் சட்டை கழற்ற வைத்து, வரிசையின் முன்னால் நிறுத்தினார். ஐயாவின் விரல்கள் அவன் விலாவில் ஊர்ந்து, ஓரிடத்தில் நின்றன.

"இது நான் இல்ல. அவசரத்தில தச்சிரிக்கி. உள்ளுக்க ஒரு இரும்புத் துண்டு கிடக்கு. மழைக்கு நோகுமே?"

அதிகாரி அதைச் சிங்களத்தில் கேட்டார். சிப்பாய் வெளிறிப்போய் ஆமென்றான்.

அதற்குப் பிறகு ஐயா சொன்னதே தீர்ப்பு. "இது குடல்வால். என்னா அழுகை அழுதான் தெரியுமா!" "இது குடலிறக்கம். மூட்டை தூக்காத எண்டு சொன்னனான், கேட்டாத்தானே." ஆட்கள் ஒவ்வொருவராகச் சட்டையை எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. இந்த விரல்கள் பொய் சொல்லாது என்று இப்போது அதிகாரியும் நம்பிவிட்டாரே!

விரல்கள் என்மீது பட்டன. பச்சை மீனைப் போலக் குளிர்ந்திருந்தன. தழும்பின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குப் போய், திரும்பி வந்தன.

"இதுவும் எண்டதான்," என்றார்.

வேலிக்குப் போனேன். கடைசியில் அங்கே ஒரு நீலச் சட்டை மட்டும் மிஞ்சி, வாவிக் காற்றில் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தது. லொறியில் போனவருடையது.

சில நாள் கழித்து, வாழைப்பழச் சீப்போடு அவரைப் பார்க்கப் போனேன். சட்டையைத் தூக்கச் சொல்லி மறுபடி தடவினார்.

"ஆரு மனே தச்சது? சாக்கு ஊசியாலயா?"

"கண்டியில ஐயா. தொழில் பழகுற டொக்டர் ஓராள்."

"இந்தக் கண்றாவிக்கு எண்ட பேரைக் குடுத்திட்டன். ஆருக்கும் காட்டித் திரியாத."

"மத்த ஆக்கள்ளயும் உங்கட தையல் இல்லாதவங்க இருந்தாங்களா ஐயா?"

"பழத்த வச்சிட்டுப் போ," என்றார்.

அவர் நூறைத் தாண்டித்தான் போனார். நான் யார், என்ன செய்தவன் என்று கடைசிவரை கேட்கவே இல்லை. இன்றும் குளிக்கும்போது தழும்பில் கை பட்டால் அந்தக் குளிர் விரல்கள் ஊர்கின்றன. வேலியில் அந்த நீலச் சட்டையும் ஆடுகிறது. அதன் பக்கத்தில் என் சட்டையும் தொங்காமல் போனது, தன் தையலைப் பற்றி வாழ்நாளில் பொய்யே சொல்லாத ஒரு மனிதர் எனக்காக ஒன்று சொன்னதால்தான்.