குட்டி வசனம்

பைபிளிலேயே ஆகக் குட்டியான வசனம் எது, சொல்லுங்கள் பார்ப்போம்?

இயேசு கண்ணீர் விட்டார் என்பதுதான் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். மூன்றே சொல். எங்கள் வீட்டில் அது தங்கம். மாலை ஜெபத்தில் ஆளுக்கொரு வசனம் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக்கூடாது. அதனால் எனக்கும் அக்காவுக்கும் யார் முந்துவது என்று தினமும் சண்டை. தோற்றவர் நீளமான ஒன்றை ஒப்பித்துத் திணற வேண்டியதுதான்.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது சித்தி இறந்துபோனார். கோலா பிலா பக்கம் ஒரு எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் சித்தப்பாவும் அவரும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. சித்தப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். அடக்கம் முடிந்தும் அவர் அழவில்லை, சாப்பிடவில்லை, பேசவில்லை. லாரியைக் கழுவினார். கழுவிய லாரியையே மறுபடியும் கழுவினார்.

"இப்படியே விட்டா இவனும் நமக்கு மிஞ்ச மாட்டான்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

சபை உபதேசியாருக்கோ பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. விசுவாசம்னா இதுதான் லா!"

அன்று மாலை சித்தப்பா வீட்டில் ஜெபம். பாயில் உட்கார்ந்து ஆளுக்கொரு வசனமாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். பெரியவர்கள் பரலோகம், மகிமை என்று நீட்டி முழக்கினார்கள். சித்தப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் குட்டி வசனத்தைக் கத்திவிட்டேன். ஜெயித்த கெத்தில் அவளைப் பார்த்து நாக்கையும் துருத்தினேன்.

அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். "துக்க வீட்டுலயும் விளையாட்டாடா ஒனக்கு?"

சித்தப்பா திரும்பினார். "இன்னொரு தடவ சொல்லுடா தம்பி."

சொன்னேன்.

"இயேசு தன் சிநேகிதன் செத்ததுக்குத்தானே அழுதாரு?" என்று அவர் உபதேசியாரைக் கேட்டார். "எப்படியும் அவன உயிரோட எழுப்பிடப் போறோம்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் அழுதாரு, இல்ல?"

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். "ஆமாப்பா. அழுதாரு."

அவ்வளவுதான். சித்தப்பா சித்தியின் பெயரைச் சொல்லி ஓவென்று அழுதார். லயமே கேட்டது. பக்கத்து வீட்டு ஆண்டி கஞ்சியோடு ஓடி வந்தார். அப்பா பிடித்துக் குடிக்க வைத்தார்; குடித்தார்.

"அழ வச்சிட்டல்ல? ஒனக்கு இருக்கு இன்னிக்கு" என்றாள் அக்கா. நான் பயந்து லாரிக்கு அடியில் ஒளிந்தேன். அம்மா இழுத்து வெளியே எடுத்தார். அடி விழும் என்று கண்ணை மூடினேன். முத்தம் விழுந்தது. கிள்ளிய அதே கை என் தலையைக் கோதியது ஏன் என்று எனக்குச் சுத்தமாக விளங்கவில்லை.

ஒரு சோம்பேறிப் பயலின் வாயில் அந்த மூன்று சொல்லைப் போட்டு வைத்ததற்கு நான் ஆண்டவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

சித்தப்பா இப்போது ராசா என்ற ஊரில் எங்கள் வீட்டு அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருக்கிறார்.