கன்னியம்மாளின் ஊறுகாய் பாட்டில்

ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்ட எனக்கு, கன்னியம்மாள் இறந்த செய்தியை ஒரு பேனர்தான் சொன்னது. திருவொற்றியூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், எதிர்ச்சுவரில் அவர் படம்; மேலே, 'எங்கள் கிடங்கின் தூண் சாய்ந்தது.' வைத்தவர், பதினெட்டு வருடம் பயறு புடைத்த அந்தத் தூணை ஒரே நாளில் வெளியே தள்ளிய முதலாளி.

கன்னியம்மாளின் பாட்டில்கள் எங்கள் தெருவுக்கே தெரியும். விதைக்கென்று வரும் ஒவ்வொரு சரக்கிலும் ஒரு கைப்பிடி எடுத்து, ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி ஒரு மாதம் வைப்பார். தேதிச்சீட்டு எழுதித் தருவது பக்கத்து வீட்டுக்காரனான என் வேலை. "பரீட்ச வெச்சுகீறேன் வாத்யாரே. பெயிலானா வண்டு வெளிய வரும்" என்பார்.

வண்டு கிடங்கில்தான் பிறக்கிறது என்பது முதலாளியின் விஞ்ஞானம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தே அதை ஒழிக்கப் பார்த்தார். "வயல்ல காய் காயச்சொல்லவே முட்டைய ஒட்டிட்டுப் பூடுது. இவரு இன்னாடான்னா செவுத்துக்குப் பவுடர் போட்டுகினு கீறாரு!" என்பார் கன்னியம்மாள்.

ஒருமுறை, பொன்னேரிப் பக்கம் விதைப்புக்குப் போகவேண்டிய பச்சைப்பயறில் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தன. எல்லாம் முட்டை. சாக்குத்துணியால் தேய்த்து உதிர்க்கச் சொன்னார் முதலாளி. பயறு பளபளத்தது. முட்டை உதிர்ந்தால் என்ன, புழு அதற்குள் பருப்பைத் துளைத்துப் போயிருக்குமே! கன்னியம்மாள் மட்டும் தேய்க்கவில்லை.

"கதவத் தொடச்சிட்டா உள்ள பூந்த திருடன் ஓடிட்டானா மொதலாளி? குந்திகினு துன்னுகினு கீறான்."

"வெதைக்கறவன் என்ன லென்சு வச்சா பாக்கப் போறான்? பேசாம தேய்."

நாற்பது வருடம் வகுப்பெடுத்தவன் நான். தெரியாதவனுக்கு நூறு தடவை சொல்லித் தரலாம். தெரிந்தே அடுத்தவன் நிலத்தைப் பாழாக்குபவனுக்குக் கரும்பலகை வீண்.

பளபளத்ததில் ஒரு கைப்பிடியை அவர் போட்டுவைத்த பாட்டிலில், இருபத்திரண்டாம் நாள் வண்டு ஊர்ந்தது. மூட்டைகள் பொன்னேரிக்குப் போயிருந்தன. நெல் அறுத்த ஈரம் காயும் முன் விதைத்தாக வேண்டும். பொக்கை விதை முளைக்காவிட்டால் அந்தப் பருவமே போச்சு. கன்னியம்மாள் பாட்டிலோடு ரயிலேறினார். களத்தில் நின்றவர்களிடம் அதை நீட்டினார். "இத வெதச்சா புல்லுதான் மொளைக்கும். வேற வெத வாங்கு. அடுத்த வாட்டி காய் முத்தினதும் பறிச்சுடு. பல்லுல கடிச்சா டக்குனு ஒடையணும், அதுவரிக்கும் காய வை. வேப்பெண்ண தடவிப் புதுக் கோணில கட்டு. பழைய சாக்கு வண்டுக்குச் சொந்த வூடு."

மூட்டைகள் திரும்பி வந்தன. மறுநாளே அவருக்கு வேலை போனது. "இத நீ வெச்சுக்கோ வாத்யாரே" என்று பாட்டிலை என்னிடம் தந்தார். வேறு கிடங்கு எதுவும் அவரைச் சேர்க்கவில்லை. கடைசிவரை கோயில் தெருவில் இட்லி விற்றார்.

கிடங்கில் நடந்த இரங்கல் கூட்டத்தில், 'எங்கள் தரத்தின் காவல் தெய்வம்' என்று முதலாளி அரைமணி நேரம் உருகினார். நான் பாட்டிலைப் படத்துக்குக் கீழே வைத்தேன். இத்தனை வருடத்தில் உள்ளே வெறும் மாவுதான் மிச்சம். முதலாளி குனிந்து, கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"விபூதியா சார்?"

"இல்லை. உங்க பளபளப்புப் பயறு."

கும்பிட்ட கையைப் பிரிக்க அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று.

பாட்டிலைத் திரும்ப எடுத்துவந்துவிட்டேன். அதன் சீட்டில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. பரீட்சை கன்னியம்மாள் வைத்தது.